தேவை: தகுதியான வீடற்றவர்

மாநகரக் காப்பகத்தில் தங்க வீடற்றவர்கள் தேவை. தனி ஆள் மட்டும். மனைவி, மக்கள், மாமியார், நாய் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். ஒரு துணிப்பைக்கு மேல் உடைமை ஆகாது. குடித்திருக்கக் கூடாது. இருமக் கூடாது. புத்தி பேதலித்திருக்கக் கூடாது. கணக்கு வழக்கு கேட்கிற அளவுக்குத் தெளிவாகவும் இருக்கக் கூடாது. உழைத்துப் பிழைப்பவராக இருந்தால் நலம், ஆனால் ராத்திரி வேலை ஆகாது. ஆதார் அட்டை அவசியம். அதில் வீட்டு முகவரி இருந்தால் இன்னும் விசேஷம். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் குளித்து, தலை சீவி, கட்டிலின் மேல் புன்னகையோடு உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.

இப்படியொரு விளம்பரத்தை எந்த மாநகராட்சியும் பத்திரிகையில் போட்டதில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. காப்பகத்து வாசலில் நிற்கும் ஆள் மேலும் கீழும் பார்க்கிற பார்வையிலேயே அத்தனை நிபந்தனையும் அடங்கிவிடும். இந்த லட்சணமெல்லாம் பொருந்திய ஒருவன் இருந்தால் அவன் எதற்குத் தெருவில் கிடக்கிறான்? பெண்ணைப் பெற்றவர்கள் எப்போதோ கொத்திக்கொண்டு போயிருக்க மாட்டார்களா?

அப்புறம் ஒரு புலம்பல் வேறு. "கட்டில் காலியாத்தான் சார் கிடக்கு. ஃபேன் ஓடுது, லைட் எரியுது. இவனுங்கதான் வர மாட்டேங்கிறானுங்க. பிளாட்பாரத்துலயே பழகிப்போச்சு." ஆலோசனைக் கூட்டத்தில் முந்திரி பிஸ்கட்டுக்கும் டீக்கும் நடுவே இதைச் சொல்வார்கள். கேட்கிற நாமும் 'ஆமாமா' என்று தலையாட்டுவோம். லாரிப் புகையிலும் கொசுக்கடியிலும் படுப்பதில் ஏதோ தனி ருசி இருக்கிறது, ஒருமுறை கண்டவர்கள் விடமாட்டார்கள் என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. இந்தக் காப்பகங்கள் எவருடைய கருணையிலும் முளைத்தவை அல்ல. 2009 டிசம்பரில், டெல்லிக் குளிரில், பூசா சாலை ரவுண்டானா பக்கம் இருந்த தற்காலிகக் காப்பகத்தை அந்த ஊர் மாநகராட்சி இடித்துத் தள்ளியது. அடுத்த ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. விருந்தாளி வரும்போது வாசலில் ஏழை படுத்திருந்தால் நன்றாகவா இருக்கும்? உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதைக் கடிதமாக எழுதினார்கள். 2010இல் நீதிமன்றம் அதட்டியது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும், பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் வேண்டும் என்றது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்து, ஆளுக்கு 50 சதுர அடி, சமையலறை, கொசு ஒழிப்பு, 24 மணி நேரமும் திறந்த கதவு என்று விதி எழுதியது. அந்த விதியை உண்மையிலேயே அக்கறையுள்ள யாரோ எழுதியிருக்கிறார்கள். குடும்பங்களுக்குத் தனியாக, முதியவர்களுக்குத் தனியாக, மனநலம் குன்றியவர்களுக்குத் தனியாக, நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் தனியாக என்று பிரித்து யோசித்திருக்கிறார்கள். என்ன செய்ய, விதிக்கும் வாட்ச்மேனுக்கும் அறிமுகமே கிடையாது.

வீடற்றவன் என்றால் ஒரே ஆள், ஒரே அச்சு என்றுதான் நகரம் நினைக்கிறது. சென்னை வால்டாக்ஸ் ரோட்டுக்கு ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ப் பார்க்கலாம். கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதற்காகவே காத்திருந்த ஒரு பெண், வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தார்ப்பாயை விரிப்பாள். கொசுவலையின் இரண்டு முனை ஷட்டரின் பூட்டுக் கொண்டியில், மற்ற இரண்டு முனை நிறுத்தியிருக்கிற மீன்பாடி வண்டியில். விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். பெயிண்ட் டப்பாவில் ரேஷன் அரிசி. மாநகராட்சிக் கழிப்பறையின் கம்பி வேலியில் இஸ்திரி போடாத ஸ்கூல் யூனிபாரம் காய்கிறது. கிழவி அங்கேதான் பிறந்தாள். அவள் மகளும் அங்கேதான், பேத்தியும் அங்கேதான். எதிரே இருக்கிற மாடி வீட்டுச் சேட்டு குடிவருவதற்கு முன்பே வந்த குடும்பம். பூ கட்டுவது, வீட்டு வேலை, மூட்டை தூக்குவது, வண்டி இழுப்பது எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

இந்தக் குடும்பத்துக்குக் காப்பகம் என்ன சொல்கிறது? "உங்க வீட்டுக்காரரு ஆம்பளைங்க ஷெல்டருக்குப் போகட்டும்மா. நீங்க பொண்ணக் கூட்டிக்கிட்டு லேடீஸ் ஷெல்டருக்கு வாங்க. பையனுக்குத்தான் பதினாலு ஆச்சே, பாய்ஸ் ஹோம்ல சேத்துடலாம். பாட்டிக்கு முதியோர் இல்லம் இருக்கு. எல்லாம் ஃப்ரீ." ஐந்து பேருக்கு நாலு பேட்டை. அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: "நாங்க என்னா சார் செத்தா பூட்டோம், ஆளுக்கொரு எடமாப் பொதைக்க?"

அவளுக்கு வேறொரு கருணையும் காத்திருக்கிறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று 20, 25 கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி. வீடு கொடுத்தாகிவிட்டது, இனி அவள் வீடற்றவள் இல்லை, கோப்பு மூடப்பட்டது. பூக்கடை மட்டும் பாரிமுனையிலேயே இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூ வாங்க எந்தப் பஸ் வரும்? பள்ளிக்கூடத்தில் நடுவருஷம் டி.சி. கொடுத்தாயிற்று. அதனால் வாரத்தில் ஐந்து நாள் பழைய பிளாட்பாரத்திலேயே படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை 'சொந்த வீட்டுக்கு' விருந்தாளியாகப் போய்வருகிற குடும்பங்கள் உண்டு. இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எவனாவது உட்கார்ந்து யோசித்திருந்தால் சொல்லுங்கள், அவனுக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

தனி ஆட்கள் கதை வேறு. சென்ட்ரல், எழும்பூர் சுற்றி இரவில் படுக்கிற ஆண்களில் ஒரு பெருங்கூட்டம் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். நீங்களும் நானும் கல்யாணப் பந்தியில் இன்னொரு ஜாங்கிரி கேட்கும்போது பறந்து வருகிறானே, அவன்தான். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரியே வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மண்டபத்தின் டைனிங் ஹாலிலேயே படுக்கை. மறுநாள் நள்ளிரவுக்கு, காசும் கொஞ்சம் மீந்த சாம்பார் சாதமுமாக இறக்கிவிடுவார்கள். அந்நேரத்தில் காப்பகத்துக் கேட்டைத் தட்டினால், "பத்து மணிக்கே சாத்தியாச்சு, தெரியாதா?" வைகாசியிலும் தையிலும் அவன் கண்ணிலேயே பட மாட்டான். ஆடியும் மார்கழியும் வந்தால் வேலையும் இல்லை, சோறும் இல்லை. ஐப்பசி மழையில் பிளாட்பாரமும் இல்லை. அப்போதுதான் அவனுக்குக் கட்டில் தேவை. மாநகராட்சி அலுவலகத்தில் இருப்பவர்கள் காப்பகத்து வருகைப் பதிவேட்டையும் பாம்புப் பஞ்சாங்கத்தையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோயம்பேட்டில் லோடு இறக்குகிறவனுக்கோ ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் பொழுது விடிகிறது. அவன் பகலில் தூங்க வேண்டும். பகலில் போனால், "டே டைம்ல எல்லாம் படுக்கக் கூடாதுப்பா, க்ளீன் பண்ணணும்."

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. நியூயார்க்கில் 1979இல் ராபர்ட் காலஹன் என்ற வீடற்ற மனிதரின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 1981இல், படுக்கை கேட்டு வருகிற ஆண்களுக்குப் படுக்கை தருகிறேன் என்று அந்த நகரம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதற்குள் காலஹன் தெருவிலேயே செத்துப் போயிருந்தார். நீதி எந்த ஊரிலும் நடந்துதான் வரும் போலிருக்கிறது. பிறகு 1998இல் கூன், கல்ஹேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க், பிலடெல்பியா காப்பகங்களின் பதிவேடுகளை உட்கார்ந்து அலசினார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், திரும்பி வருவதில்லை. 10 சதவீதம் பேர் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். இன்னொரு 10 சதவீதம் பேர்தான் அங்கேயே கிடக்கிறவர்கள். ஆனால் மொத்தப் படுக்கை நாட்களில் பாதியை அவர்கள்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது ஒரே கூரைக்குக் கீழே ஒரு சத்திரமும், ஒரு அவசர சிகிச்சைப் பிரிவும், ஒரு முதியோர் இல்லமும் நடந்துகொண்டிருக்கின்றன. நடத்துகிறவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

சத்திரத்துக்கு வருகிறவனுக்குக் கட்டில் வேண்டாம், அட்வான்ஸ் வேண்டும். சென்னையில் மாதம் 4,000 ரூபாய்க்கு ஒரு ஒண்டுக் குடித்தன அறை கிடைத்தாலும், பத்து மாத அட்வான்ஸ் என்றால் 40,000 ரூபாய். 2017இல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்கிறது. கூடவே, இரண்டு பேரும் வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் சரி என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் ஒட்டுமொத்த ஹவுஸ் ஓனர் வர்க்கமும் காரில் போய்வருகிறது. உழைக்கிற ஒருவனுக்கும் ஒரு பூட்டுச்சாவிக்கும் நடுவில் நிற்பது அந்தப் பணம்தான். அதைக் கடனாகக் கொடுத்துத் தொலைத்தால் கட்டில் தானாகக் காலியாகும். ஆனால் அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. பெயிண்ட் அடித்துத் திருக்குறள் எழுத அதில் சுவர் இல்லை.

குடித்தவனுக்கு இடமில்லை என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் சாராயம் விற்பது 2003லிருந்து அரசாங்கம். கடை இரவு பத்து மணிக்கு மூடுகிறது. காப்பகமும் பத்து மணிக்கு மூடுகிறது. ஒரு கவுண்டரில் காசு வாங்கிக்கொண்டு பாட்டில் கொடுத்த அதே சர்க்கார், இன்னொரு வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'சீச்சீ, வாடை அடிக்குது, வெளியே போ' என்கிறது. குடித்துவிட்டு உள்ளே வந்து கலாட்டா செய்கிறவனை மற்றவர்களோடு படுக்க வைக்க முடியாது என்பது நியாயம்தான். அவனுக்கு ஒரு தனி அறையும், ஒரு மருத்துவரும் வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். வருமானத்தை வைத்துக்கொண்டு வாந்தியை மட்டும் பிளாட்பாரத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். தெருவில் தனியாக இருக்கிற பெண் ராத்திரியில் தூங்க மாட்டாள். பஸ் ஸ்டாண்டில் வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே உட்கார்ந்து விழித்திருப்பாள். பகலில் கோயில் மண்டபத்தூணில் சாய்ந்து தூங்குவாள். நாம் செருப்பைக் கழற்றியபடி, "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுத் திங்கக் கூடாதா" என்று முணுமுணுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போவோம். இவர்களில் காப்பகத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள் திரும்பிப் போவதில்லை. போக்கிடம் இருந்தால் ஏன் வருகிறார்கள்? புருஷன் அடித்தது, மகன் துரத்தியது, அண்ணி சோறு போடாதது என்று ஆளுக்கொரு கதை. அவர்கள் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பொட்டு, கண்ணாடி, முதியோர் பென்ஷன் மனு நகல். ஆறு பேர் கையெழுத்துப் போட்ட மனு; ஏழாவது ஆள் லீவில் இருக்கிறார். 'தற்காலிகத் தங்குமிடம்' என்று போர்டு தொங்குகிற கட்டடத்தில் அவர்கள் சாகும்வரை தற்காலிகமாக இருப்பார்கள்.

உள்ளதிலேயே வேடிக்கை எதுவென்றால், காப்பகத்தை முறையாக, நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போய், அடங்கி ஒடுங்கிப் பயன்படுத்துகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வீடு இருக்கிறது! ஜி.எச்.சுக்கும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் நோயாளியோடு வந்த அட்டெண்டர்கள். வேலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஆட்டை விற்று வந்தவர்கள். வார்டுக்குள் ஒரு ஆளுக்குத்தான் பாஸ். மற்றவர்கள் வராந்தாவில், மரத்தடியில், ஆம்புலன்ஸ் திரும்புகிற இடத்தில். அவர்களுக்கென்று மருத்துவமனை வளாகங்களில் காப்பகம் திறந்திருக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கைக் கணக்கு காட்டும்போது இவர்களும் 'பயனடைந்த வீடற்றோர்' ஆகிவிடுகிறார்கள். மகளுக்கு ஆபரேஷன் என்று வந்த ஒரு விவசாயி, பத்து நாளில் அரசுப் புள்ளிவிவரத்தில் வீடிழந்து, டிஸ்சார்ஜ் ஆனதும் மீண்டும் வீடு பெற்று, மறுவாழ்வு அடைந்தவர் பட்டியலில் போய்ச் சேர்கிறார். சித்தர்கள்கூட இத்தனை சுலபமாக ரசவாதம் செய்ததில்லை.

அதே வாசலில் இன்னொரு காட்சியும் உண்டு. கார் வந்து நிற்கும். ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஓ.பி. பெஞ்சில் உட்காரவைத்து, "டாக்டரைப் பாத்துட்டு வரேன்ப்பா" என்று போகிற மகன் போனவன்தான். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வண்டி நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும், சொல்ல மாட்டார். "புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துரும்" என்பார். இவரிடம்தான் அடையாள அட்டை கேட்கிறோம். 2018 ஜனவரியில் உத்தரப் பிரதேச அரசிடம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மதன் லோக்கூர் அமர்வு இதைத்தான் கேட்டது: வீடே இல்லாதவனுக்கு ஆதார் எந்த முகவரியில் கிடைக்கும்? அவன் அரசாங்கத்தின் கண்ணில் இல்லவே இல்லாதவனா? ரொம்ப நல்ல கேள்வி. கேள்விக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

இல்லாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011 பிப்ரவரி 28 அன்று ராத்திரி டார்ச்சோடு போய் எண்ணியிருக்கிறது. மேம்பாலத்தின் கீழ், மாடிப்படியின் கீழ், ஹியூம் குழாய்க்குள், ரயில் நிலைய மேடையில், கோயில் மண்டபத்தில் என்று எங்கெங்கே தேட வேண்டும் என்பதை அரசின் விளக்கக் குறிப்பே வரிசையாகச் சொல்கிறது. நாடு முழுக்க 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் 9.38 லட்சம். பத்தே வருஷத்தில் நகரத்துக் கணக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. குழாய்க்குள் ஆள் இருப்பது அரசுக்குத் தெரியும். எண்ணி முடித்ததும் குழாயை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள், சாலை போடுவதற்கு.

இடமில்லை, நிதியில்லை என்பதெல்லாம் எந்த அளவு உண்மை என்று 2020 மார்ச்சில் பார்த்தோம். கொரோனா வந்தது. தெருவில் படுத்திருப்பவனுக்குத் தொற்றினால் மாடி வீட்டுக்காரனுக்கும் தொற்றும் என்று தெரிந்தது. அவ்வளவுதான், மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களும் சமூக நலக் கூடங்களும் படபடவென்று திறந்தன. மூன்று வேளை சோறு, சோப்பு, டாக்டர், முடி வெட்ட ஆள். பட்டினியும் மழையும் குளிரும் பாவம், ஒட்டுவாரொட்டி இல்லை. அதனால் அவற்றுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து 2025 பிப்ரவரி. நகர்ப்புற வீடற்றோரின் உறைவிட உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, இலவசங்களால் மக்கள் வேலை செய்ய முன்வருவதில்லை என்று வருத்தப்பட்டது. ஒட்டுண்ணிகளின் வர்க்கம் ஒன்றை உருவாக்குகிறோமோ என்று கேட்டது. கேட்ட இடம் கவனிக்கத்தக்கது. வாடகையில்லாத அரசு பங்களா, அரசு கார், அரசு காவலாளி, அரசு தோட்டக்காரர் என்று எல்லாம் சூழ வாழ்கிற மேன்மக்கள் இந்தத் தேசத்தில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவராவது இலவச வீட்டால் சோம்பேறியானதாக நாம் சொன்னோமா? சொன்னால் அவமதிப்பு. நள்ளிரவு கோயம்பேட்டில் வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றுகிறவனைச் சொன்னால் அது பொருளாதாரச் சிந்தனை.

காப்பகம் நடத்தத் தெரியாதவர்களா நாம்? அதையும் நம்ப மாட்டேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர், வீடிருந்தும் வீட்டுக்குப் போக முடியாத நிலைக்கு ஆளானார்கள். எல்லோரும் சட்டமன்ற உறுப்பினர்கள். ஒரே நாளில் கூவத்தூர் கடற்கரையில் அவர்களுக்குச் சொகுசு விடுதி தயாரானது. பஸ் அனுப்பி அழைத்துப் போனார்கள். ஏ.சி. அறை, வேளாவேளைக்கு விருந்து, கடல் காற்று. நம்பிக்கை வாக்கெடுப்பு முடியும்வரை, ஏறக்குறைய பத்து நாள், ஒரு பைசா கேட்கவில்லை. ஆதாரும் கேட்கவில்லை, வாயை ஊதிக் காட்டவும் சொல்லவில்லை. கேட்டை மட்டும் பூட்டி ஆள் போட்டிருந்தார்கள் என்று வெளியே பேச்சு. அது உள்ளே இருக்கிறவர்கள் ஓடிவிடக் கூடாது என்பதற்காக.